காலைல அரை மணி நேரம்: தலையும் மனசும் சேர்ந்து உட்கார எந்த முறை நல்லது?

காலைல ஆண்டவரோட உட்கார அரை மணி நேரம் கிடைக்குதுன்னு வச்சுக்குவோம். ஆபீஸ் போறவங்க, பிள்ளைங்களுக்கு டிபன் கட்டி ஸ்கூல் வேன்ல ஏத்தி விடறவங்க, ஷிப்ட் வேலை பாக்கறவங்க, இவங்கள்ல முக்கால்வாசி பேருக்கு அதுக்கு மேல கிடைக்காது, அந்த அரை மணியும் முந்தின ராத்திரி போனை சீக்கிரம் கீழ வச்சாதான் உண்டு. அந்த நேரத்துல என்ன பண்றதுன்னு கேட்டா சபைக்கு சபை ஒரு பதில் வரும். ஒருத்தர் வருஷத்துக்கு ஒரு தடவை பைபிளை முடிச்சிடுங்கம்பார், இன்னொருத்தர் முதல்ல ஆராதிச்சு பிரசன்னத்துக்குள்ள வாங்க அப்புறம் வேதத்தை திறங்கம்பார், வேற ஒருத்தர் நோட்டு பேனா இல்லாம உட்காராதீங்கம்பார், கத்தோலிக்க நண்பர்கிட்ட கேட்டா ஒரே பகுதியை மூணு நாலு தடவை மெதுவா வாசிச்சுப் பாருங்கம்பார், பாட்டிகிட்ட கேட்டா "காலண்டர் வசனத்தைப் படி, முழங்கால் போடு, போதும்"னு முடிச்சிடுவாங்க. எல்லாமே நல்லதுதான், ஆனா எல்லாத்தையும் அரை மணிக்குள்ள திணிக்க முடியாது, ஏதாவது ஒண்ணை எடுத்தாகணும்.

வாலிபர் கூட்டத்துல இந்தப் பேச்சு வந்தா ரெண்டு விதமான புலம்பல் கேக்கும். ஒண்ணு, "தினமும் படிக்கறேன் பிரதர், டிக் அடிக்கறேன், ஆனா மனசுல ஒண்ணுமே ஒட்டல". இன்னொண்ணு இதுக்கு நேர் எதிர், நல்லா பாடி அழுது ஜெபிச்சு மனசு லேசாகி எழுந்து போறவங்க, நேத்து என்ன வேதபகுதி படிச்சீங்கன்னு கேட்டா முழிப்பாங்க. முதல் ஆளுக்கு "இன்னும் கொஞ்சம் உணர்ச்சியோட பண்ணுங்க"ன்னும், ரெண்டாவது ஆளுக்கு "நல்லா ஸ்டடி பண்ணுங்க"ன்னும் அட்வைஸ் பண்றது வழக்கம். எனக்கு அதுல நம்பிக்கை இல்லை, ஏன்னா பத்து நிமிஷம் தலைக்கு பத்து நிமிஷம் மனசுக்குன்னு பாகம் பிரிச்சு குடுத்தாலும் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்காமலே நேரம் முடிஞ்சு போகலாம்.

அதனால எந்த முறையா இருந்தாலும் நான் ஒரே ஒரு கேள்வி வச்சுதான் பாக்கறேன். ஜெபம் முடிச்சு எழுந்திருக்கறப்போ, இப்ப நான் பண்ணின ஜெபத்தை இன்னைக்கு அந்தப் பகுதியைப் படிக்காமலே பண்ணியிருக்க முடியுமா? "குடும்பத்தை ஆசீர்வதியும், வேலையை ஆசீர்வதியும், போக்கையும் வரத்தையும் காரும், ஆமென்" அப்படின்னா தாராளமா பண்ணியிருக்கலாம், ஆதியாகமம் படிச்சாலும் யாக்கோபு நிருபம் படிச்சாலும் அதே ஜெபம்தான் வந்திருக்கும். அந்த ஜெபம் தப்புன்னு சொல்லல. படிச்சதும் ஜெபிச்சதும் அன்னைக்கு சந்திச்சுக்கவே இல்லை, அவ்வளவுதான்.

முறைகளை ஒப்பிட ஒரே பகுதியை எல்லாத்துலயும் போட்டுப் பாக்கறது ஈஸி. எரேமியா தீர்க்கதரிசி புத்தகத்தோட 29-ம் அதிகாரத்தை எடுத்துக்கறேன், ஏன்னா அதோட 11-ம் வசனம் நம்ம ஆளுங்க வீட்டுல ஏதாவது ஒரு சுவத்துல மாட்டியிருக்கும், இல்லன்னா புது வருஷ ஆராதனைல வாக்குத்தத்த கார்டா கைல வந்திருக்கும்: "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்... அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே."

முதல்ல பாட்டி சொன்ன வழி, அதாவது ஒரு நாளைக்கு ஒரு வசனம். காலண்டர், தியான புக், ஆப் நோட்டிஃபிகேஷன், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், எல்லாம் இந்த வகைதான். இதை கேலி பண்றவங்க இருக்காங்க, ஆனா இதுக்கு நல்ல வம்சாவளி உண்டு. ஜெர்மனில ஹெர்ன்ஹூட்ங்கற ஊர்ல மொரேவியன் சபையார் 1728-ல தினம் ஒரு வார்த்தைங்கற பழக்கத்தை ஆரம்பிச்சாங்க, 1731-ல இருந்து அதை வருஷா வருஷம் புத்தகமா போட்டு இன்னைக்கு வரைக்கும் விடல. ஒரு வசனம்னா நாள் முழுக்க வாயில வச்சுக்கலாம், பஸ்ல நிக்கறப்போ நினைக்கலாம், பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு சொல்லலாம். உடம்பு முடியாம படுத்திருக்கறவங்களுக்கு, கைக்குழந்தை வச்சிருக்கற தாய்மாருக்கு, இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மனசுக்கு உடனே ஏதோ கிடைக்கும். பிரச்சனை எங்கன்னா, எரேமியா 29:11-ஐ தனியா படிச்சா அது என் இன்டர்வியூவுக்கும் என் விசா அப்ரூவலுக்கும் எழுதின லெட்டர் மாதிரிதான் தெரியும், அப்படித் தெரியறதுனாலதான் மனசு சட்டுன்னு உருகுது. யாருக்கு எழுதினது, எப்ப எழுதினதுன்னு தலை கேக்கவே இல்லை. இன்டர்வியூ ஊத்திக்கிச்சுன்னா வசனமும் சேர்ந்து ஊத்திக்கிச்சுன்னு தோணும், அங்கதான் நிறைய பேருக்கு கசப்பு ஆரம்பிக்குது. அந்த வசனத்து மேல பழி போடறதுல அர்த்தமில்லை, அதுக்கு முன்னாடி இருக்கற பத்து வசனத்தை யாரும் கார்டுல அடிக்கறதில்லையே.

தியான புக்ல ஒரு வசனத்தோட ஒரு கதையும் ஒரு சின்ன ஜெபமும் இருக்கும். நல்ல எழுத்தாளரா இருந்தா பின்னணியும் சொல்லிடுவார். ஆனா யோசிக்க வேண்டியதை அவர் யோசிச்சுட்டார், ஜெபிக்க வேண்டியதையும் அவரே எழுதிட்டார், நான் படிச்சு ஆமென் சொன்னா முடிஞ்சது. நாலு நிமிஷத்துல முடியும்ங்கறதுதான் அதோட பலம், பலவீனமும் அதேதான்.

அடுத்தது வருஷ ப்ளான். பைபிள்ல 1,189 அதிகாரம், தினமும் மூணு நாலு அதிகாரம் படிச்சா வருஷத்துல முடிஞ்சிடும். இதுல ரொம்ப பிரபலமானது ஸ்காட்லாந்து போதகர் ராபர்ட் மர்ரே மக்செய்ன் 1842-ல டண்டீயில தன்னோட சபைக்கு போட்டுக் குடுத்தது. தினமும் சுமார் நாலு அதிகாரம், பழைய ஏற்பாடு ஒரு தடவையும் புதிய ஏற்பாடும் சங்கீதமும் ரெண்டு தடவையும் வரும், அதுல பாதி குடும்ப ஜெபத்துக்கு பாதி தனி ஜெபத்துக்குன்னு பிரிச்சிருந்தார். அடுத்த வருஷமே 29 வயசுல அவர் இறந்துட்டார், ப்ளான் மட்டும் இன்னைக்கு வரைக்கும் ஓடிக்கிட்டிருக்கு. எனக்கு இதுல பிடிச்ச விஷயம் ப்ளானை விட அதுக்கு அவர் எழுதின முன்னுரைதான். நன்மைகளை சொல்றதுக்கு முன்னாடியே ஆபத்துகளை எழுதினார்: வெறும் சடங்கா போயிடலாம், நான் ஒழுங்கா படிக்கறேன்ங்கற பெருமை வரலாம், முடிக்கணும்னு மேலோட்டமா ஓட்டலாம், சிலருக்கு சுமக்க முடியாத நுகமா ஆகிடலாம்னு. இன்னைக்கு ஆப்ல ஸ்ட்ரீக் (விடாம படிச்ச நாள் கணக்கு) கட் ஆயிடுச்சுன்னு ராத்திரி பதினொன்னே முக்காலுக்கு எண்ணாகமத்தை ஸ்க்ரோல் பண்றவங்களை அவர் அப்பவே பாத்துட்டார் போல.

ஆனா எரேமியா விஷயத்துல ப்ளானுக்கு பெரிய லாபம் இருக்கு. தொடர்ச்சியா படிச்சுட்டு வர்றவருக்கு 29-க்கு முன்னாடி 28 வந்திருக்கும். அங்க அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி நிக்கறார், ரெண்டே வருஷத்துல எல்லாம் திரும்ப வந்துடும், ஆலய பாத்திரங்களும் வரும், சிறைப்பட்டுப் போனவங்களும் வருவாங்கன்னு ஆலயத்துல எல்லார் முன்னாடியும் சொல்றார். கேக்க எவ்வளவு இனிப்பா இருந்திருக்கும். அவர் சொன்னது பொய்ன்னு எரேமியா சொல்றார், அந்த வருஷமே அனனியா செத்துப் போறார். அதுக்கு அடுத்த அதிகாரத்துலதான் எரேமியாவோட கடிதம், அதுல வர்ற கணக்கு எழுபது வருஷம். இது தெரிஞ்சு 11-ம் வசனத்துக்கு வர்றவருக்கு அது வேற வசனம். ப்ளான் இந்த வேலையை செஞ்சு குடுக்கும், ஆனா அதே நாள்ல இன்னும் ரெண்டு அதிகாரம் பாக்கி இருக்கறதுனால நின்னு யோசிக்க விடாது, ஜெபிக்க அதைவிட விடாது. நான் வச்ச கேள்வில ப்ளான் பெரும்பாலும் தோத்துடும், ஏன்னா நாலு அதிகாரத்துல எதை வச்சு ஜெபிக்கறதுன்னு முடிவு பண்றதுக்குள்ள குக்கர் விசில் அடிச்சிடும்.

மூணாவது நோட்டு பேனா வழி. காலேஜ்ல ஈ.யூ. (கிறிஸ்தவ மாணவர் ஐக்கியம்) கூட்டத்துக்கு போனவங்களுக்கு இது நல்லாவே தெரியும். பகுதில என்ன இருக்குன்னு பாக்கணும், அதுக்கு என்ன அர்த்தம்னு யோசிக்கணும், எனக்கு என்னன்னு கேக்கணும். எரேமியா 29-ல இதைப் பண்ணினா உண்மையிலேயே சுவாரஸ்யமா இருக்கும். யார் எழுதறாங்க? எருசலேம்ல இருந்து எரேமியா. யாருக்கு? யூதாவோட ராஜா எகொனியாவோட சேர்ந்து கி.மு. 597-ல பாபிலோனுக்கு கொண்டுபோகப்பட்டவங்களுக்கு. யார் கொண்டு போறாங்க? சிதேக்கியா ராஜா பாபிலோன் ராஜாகிட்ட அனுப்பின தூதர்கள், அதாவது எதிரியோட ஊருக்குப் போற அரசாங்க ஆளுங்க கைல தேவனுடைய வார்த்தை போகுது. என்ன சொல்லுது? வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, கல்யாணம் பண்ணுங்க, பிள்ளை பெத்துக்கோங்க, அந்தப் பட்டணத்தோட சமாதானத்தை தேடி அதுக்காக ஜெபம் பண்ணுங்க. 7-ம் வசனத்துல அந்த சமாதானம் வருது, 11-ம் வசனத்துல நாம கார்டுல போடற சமாதானமும் வருது, ரெண்டுக்கும் நடுவுல மூணு வசனம்தான். நமக்கு வாக்குப் பண்ணின சமாதானமும் நமக்குப் பிடிக்காத ஊரோட சமாதானமும் ஒரே கடிதத்துல சேர்ந்து வருது. இன்னும் ஒண்ணு, எழுபது வருஷம்னா கடிதத்தை வாங்கினப்ப நடுவயசுல இருந்த யாரும் திரும்பிப் போகப் போறதில்லை. அதே 11-ம் வசனத்தோட கடைசில வர்ற "எதிர்பார்த்திருக்கும் முடிவு" அவங்க பேரப்பிள்ளைங்களுக்குத்தான்.

இதெல்லாம் கண்டுபிடிக்கறப்போ ஒரு சந்தோஷம் வரும் பாருங்க, அந்த சந்தோஷமே ஆபத்து. கண்டுபிடிச்ச சந்தோஷத்தை பக்தின்னு நினைச்சு நோட்டை மூடிட்டு போயிடலாம், ஞாயித்துக்கிழமை சண்டே ஸ்கூல்ல சொல்றதுக்கு பாயிண்ட் கிடைச்சிடுச்சு, ஆண்டவர்கிட்ட ஒரு வார்த்தை பேசல. போதிக்கற வரம் உள்ளவங்களுக்கு, பிரசங்கம் பண்றவங்களுக்கு, இது ரொம்பவே நடக்கும், அவங்களுக்கு எல்லா பகுதியும் அடுத்தவங்களுக்கு சொல்ற மெட்டீரியலா மாறிடும். கமென்டரியை முதல்லயே திறக்கறவங்களுக்கு அந்த கண்டுபிடிக்கற சந்தோஷம் கூட கிடையாது. கமென்டரி வேண்டாம்ங்கல, நாமளா ரெண்டு கேள்வி கேட்டு தடுமாறினதுக்கு அப்புறம் திறங்க.

நாலாவது, மெதுவா வாசிக்கற மடத்து வழி, லெக்சியோ டிவைனா. பன்னெண்டாம் நூற்றாண்டுல கார்த்தூசியன் மடத்துத் தலைவரா இருந்த ரெண்டாம் கூகோ இதை நாலு படியா எழுதி வச்சார்: வாசிப்பு, தியானம், ஜெபம், அப்புறம் பேசாம அவர் முன்னாடி இருக்கறது. நம்ம பெந்தெகொஸ்தே சிஎஸ்ஐ வட்டாரத்துல "அது கத்தோலிக்க முறையாச்சே"ன்னு ஒரு தயக்கம் இருக்கு. கூகோ சொன்னதைப் பாத்தா தயங்க ஒண்ணுமில்லை. வாசிச்சு தியானிக்கலன்னா வறட்சி, வாசிக்காம தியானிச்சா வழி தப்பும், தியானமில்லாத ஜெபம் வெதுவெதுப்பா இருக்கும்ங்கற பொருள்ல அவர் சொல்லியிருக்கார். நம்ம வாலிபர் கூட்டத்து ரெண்டு புலம்பலும் அதுல அடங்கிப் போச்சு.

இன்னைக்கு பழக்கத்துல இது எப்படி ஆகியிருக்குன்னா, பகுதியை மெதுவா மூணு தடவை வாசிங்க, எந்த வார்த்தை மனசைத் தொடுதோ அதுல நில்லுங்க. எரேமியா 29:5-ல "தோட்டங்களை நாட்டி" தொட்டுதுன்னு வைங்க. ஒருத்தருக்கு அது அருமையா வேலை செய்யும், வாடகை வீட்டு பால்கனில ஒரு ரோஜா தொட்டி கூட வைக்காம "இது நம்ம ஊர் இல்ல, எப்படியும் போயிடுவோம்"னு பத்து வருஷமா இருக்கறவருக்கு அந்த ரெண்டு வார்த்தை போதும். இன்னொருத்தர் தோட்டம்னதும் ஏதேன் தோட்டம், அங்க இருந்து கெத்செமனே தோட்டம், அங்க இருந்து அவங்க ஊர் மாந்தோப்புன்னு போய் இருபது நிமிஷம் இனிமையா சுத்திட்டு வருவார், எரேமியா அங்கயே நிப்பார். மனசு ஈடுபட்டுச்சு, சந்தேகமில்லை. எதுல ஈடுபட்டுச்சுங்கறதுதான் கேள்வி. பின்னணி தெரிஞ்ச பகுதில, முந்தின நாள் நோட்டு போட்டு படிச்ச பகுதில, அடுத்த நாள் இந்த மாதிரி மெதுவா உட்கார்ந்தா இது தங்கமான முறை. முன்ன பின்ன படிக்காத பகுதில முதல் முதல்லயே இதைப் பண்ண நான் சொல்ல மாட்டேன்.

இக்னேஷியஸ் லொயோலா வழில சம்பவத்துக்குள்ள போய் நின்னு கற்பனையில பாக்கற முறையும் இருக்கு, சுவிசேஷத்துல இயேசு ஒருத்தரை தொடற காட்சிக்கெல்லாம் நல்லா வரும், நிருபங்களுக்கும் நியாயப்பிரமாணத்துக்கும் அவ்வளவா ஒட்டாது. அதோட நிறுத்திக்கறேன்.

அஞ்சாவது, முதல்ல ஆராதனையும் ஜெபமும், அப்புறம் வேதம். நம்ம ஊர்ல இதுக்குத்தான் ஆள் அதிகம். ரெண்டு பாட்டு, ஸ்தோத்திர பலி, ஆவியில நிறைஞ்சு ஜெபம், கடைசில நேரம் இருந்தா ஒரு சங்கீதம். தமிழ் கிறிஸ்தவங்க பாடிப் பாடித்தான் விசுவாசத்தை வளத்தாங்க, தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் காலத்து கீர்த்தனைகள் இருநூறு வருஷம் கழிச்சும் வாயில நிக்குதுன்னா அதுல ராகம் மட்டுமில்ல, வேதமும் நிறைஞ்சு கிடக்கு. அப்படிப்பட்ட பாட்டை பாடினா தலைக்கும் வேலை இருக்கு. "நீர் நல்லவர், நீர் வல்லவர்" ரகத்துலயே அரை மணி ஓட்டினா அந்த அளவுக்கு இருக்காதுன்னு சொன்னா சண்டைக்கு வருவாங்க, ஆனாலும் சொல்லி வைக்கறேன்.

ஜெபத்தை முதல்ல வைக்கறதைப் பத்தி பிரிஸ்டல்ல அனாதை இல்லங்கள் நடத்தின ஜார்ஜ் முல்லர் சொன்னது கவனிக்க வேண்டியது. யார்கிட்டயும் பணம் கேக்காம ஜெபத்தை மட்டுமே நம்பி ஊழியம் பண்ணின மனுஷன், ஜெபத்தைக் குறைச்சு பேசற ஆளே கிடையாது. அவர் 1841-ல எழுதறார், முன்னாடியெல்லாம் காலைல எழுந்து டிரஸ் பண்ணினதும் ஜெபத்துல இறங்கிடுவேன், பத்து நிமிஷம், கால் மணி, சில நேரம் அரை மணி கூட மனசு அங்க இங்க அலைஞ்சு அதுக்கப்புறம்தான் நிஜமா ஜெபிக்கவே ஆரம்பிப்பேன்னு. அப்புறம் வரிசையை மாத்திட்டார். முதல்ல ஒரு பகுதியை எடுத்து வசனம் வசனமா தியானிக்கறது, அதுல இருந்தே அறிக்கையோ நன்றியோ விண்ணப்பமோ தானா வர விடறது. அதுக்கப்புறம் அந்த அலைச்சல் ஏறக்குறைய போயிடுச்சாம். அவருக்கே ஜெபத்துக்குள்ள போக அரை மணி ஆச்சுன்னா, மொத்தமே அரை மணி வச்சிருக்கற நம்ம கதை என்ன? ரெண்டு மணி நேரம் உட்காரறவங்க ஆராதனைல ஆரம்பிக்கட்டும், நேரம் இருக்கு. அரை மணிக்காரங்க வேதத்துல ஆரம்பிக்கறதுதான் புத்திசாலித்தனம்னு நான் நினைக்கறேன்.

இப்ப எரேமியாவோட அந்தக் கடிதத்துக்கே திரும்பி வர்றேன். எழுபது வருஷம்னு சொன்ன அந்த எரேமியாவோட எழுத்தை பாபிலோன்ல ஒருத்தர் காலம் கழிச்சு படிச்சார், அவர் படிச்சதும் பதிவாகியிருக்கு, அதுக்கப்புறம் பண்ணின ஜெபமும் பதிவாகியிருக்கு. தானியேல் 9. சின்ன வயசுல சிறைப்பட்டு வந்தவர், இப்ப கிழவர், ராஜ்யமே மாறி தரியு ஆட்சிக்கு வந்தாச்சு. 2-ம் வசனத்துல கர்த்தர் எரேமியாவோடே சொன்ன "வருஷங்களின் தொகையைப் புஸ்தகங்களால் அறிந்துகொண்டேன்"ங்கறார். அறிந்துகொண்டேன். உக்காந்து கூட்டிக் கழிச்சு பாத்திருக்கார், தரிசனம் எல்லாம் அதுக்கப்புறம்தான் வருது, முதல்ல நடந்தது வாசிப்பும் கணக்கும். அடுத்த வசனத்துலயே உபவாசம் பண்ணி இரட்டுலயும் (துக்கத்துக்கு உடுத்தற சாக்குத்துணி) சாம்பல்லயும் உட்கார்ந்துட்டார்.

நாமளா இருந்தா எழுபது வருஷம் முடியப் போகுதுன்னு தெரிஞ்சதும் பெட்டி கட்டியிருப்போம், ஸ்டேட்டஸ் போட்டிருப்போம். அவர் அழறார். ஏன்னா எழுபது வருஷம் ஏன் வந்துச்சுங்கறதையும் சேர்த்துப் படிச்சிருக்கார். அந்த ஜெபம் முழுக்க பாருங்க, நாங்க பாவம் செஞ்சோம், உம்ம தீர்க்கதரிசிகளுக்கு செவிகொடுக்கல, மோசேயின் நியாயப்பிரமாணத்துல எழுதியிருக்கற சாபம் எங்க மேல வந்துச்சுன்னு வேதத்தையே எடுத்து எடுத்து பேசறார். 18-ம் வசனத்துல "எங்கள் நீதிகளை அல்ல, உம்முடைய மிகுந்த இரக்கங்களையே நம்பி"ன்னு வருது. அதுக்கு அடுத்த வசனத்துல "ஆண்டவரே, கேளும், ஆண்டவரே, மன்னியும், ஆண்டவரே, கவனியும்"னு வார்த்தை மூச்சு வாங்குது. இதுக்கு மேல மனசு எப்படி ஈடுபடும்? ஆனா எரேமியாவை படிக்காம அந்த ஜெபத்தை அவர் பண்ணியிருக்கவே முடியாது. கணக்கு போட்டதுனாலதான் அழுகை வந்துச்சு. எரேமியா 29:12-ல நீங்க என்னை நோக்கி விண்ணப்பம் பண்ணுவீங்கன்னு எழுதியிருக்கே, தானியேல் அதைப் படிச்சு அதையே செஞ்சுட்டு இருக்கார்.

தானியேல் பண்ணினதை அரை மணிக்குள்ள தினசரி பண்ற மாதிரி ஒரு முறை இருக்கான்னு கேட்டா, நான் மார்ட்டின் லூத்தரோடதை சொல்வேன். 1535-ல அவரோட முடிதிருத்துபவர் பீட்டர் எப்படி ஜெபிக்கறதுன்னு கேட்டதுக்கு ஒரு சின்ன புத்தகமே எழுதிக் குடுத்தார். அதுல பீட்டரோட தொழிலையே உதாரணமா எடுத்துக்கறார், கத்தியை கைல வச்சுக்கிட்டு பராக்கு பாத்தா கஸ்டமர் மூக்கு போயிடும், அந்த மாதிரி ஜெபத்துக்கும் முழு கவனம் வேணும்னு. பத்துக் கட்டளைல ஒவ்வொண்ணையும் நாலு விதமா எடுத்துக்கச் சொல்றார். முதல்ல பாடப்புத்தகமா, இதுல தேவன் என்ன சொல்லிக் குடுக்கறார். அடுத்தது பாட்டுப்புத்தகமா, இதுக்காக எதுக்கு நன்றி சொல்லணும். மூணாவது அறிக்கைப் புத்தகமா, இது என்கிட்ட எதைக் காட்டுது. நாலாவது ஜெபப்புத்தகமா, இப்ப என்ன கேக்கணும். நடுவுல ஏதாவது ஒரு எண்ணம் வலுவா வந்து பரிசுத்த ஆவியானவர் பேசற மாதிரி இருந்தா மத்ததை விட்டுட்டு அமைதியா அதைக் கேளுன்னும் சொல்றார், முறையை விட அது முக்கியம்னு. (அந்த பீட்டர் அதே 1535-ல மருமகனைக் குத்திக் கொன்ன கேஸ்ல ஊரை விட்டே போக வேண்டியதாச்சு, லூத்தர் அவருக்காக பரிஞ்சு பேசினார். நல்ல முறை கைல இருந்தா எல்லாம் சரியாயிடும்னு யாரும் நினைக்க வேண்டாம்.)

எரேமியா 29:4-14-ஐ இந்த நாலுல போட்டுப் பாருங்க. துபாய்ல, தோஹால, பெங்களூர்ல, விருப்பமில்லாம பிழைப்புக்காக உட்கார்ந்திருக்கறவர்னு வச்சுக்குவோம். பாடம்: அவங்களை அங்க அனுப்பினது பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் மட்டும் இல்ல, "நான் சிறைப்பட்டுப்போகப்பண்ணின"ன்னு கர்த்தரே சொல்றார், அப்ப இந்த ஊர் அவருக்குத் தெரியாம நடந்த விபத்து இல்லை. நன்றி: இவ்வளவு தூரத்துக்கும் அவர் கடிதம் அனுப்பறார், இந்த ரூம், இந்த சம்பளம், வெள்ளிக்கிழமை ஆராதனை, எல்லாம் அந்த தோட்டத்துக் கனிதான். அறிக்கை: எனக்கு அனனியாவோட ரெண்டு வருஷம்தான் பிடிச்சிருக்கு, எழுபதை சொல்ற எந்தப் பிரசங்கத்தையும் நான் ஃபார்வர்ட் பண்ணினதில்லை, இந்த ஊரையும் இந்த முதலாளியையும் சபிச்சுக்கிட்டேதான் சம்பளம் வாங்கறேன். விண்ணப்பம்: இந்தப் பட்டணத்துக்கு சமாதானம் குடும், என் சூப்பர்வைசர் வீட்டுக்கு சமாதானம் குடும், நான் பாக்காத முடிவை என் பிள்ளைங்க பாக்கட்டும். இந்த ஜெபத்தை எரேமியா இல்லாம பண்ணவே முடியாது. 11-ம் வசனம் கார்டுல இருந்ததை விட இப்ப பெரிசா தெரியும், கண்ணுல தண்ணி வந்தாலும் வரலன்னாலும்.

கண்ணீரைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும். மனசு ஈடுபடறதுன்னா உணர்ச்சி பொங்கறதுன்னே நம்மள்ல பாதி பேர் நினைக்கறோம், சிலிர்க்கலன்னா அன்னைக்கு ஜெபம் வேஸ்ட்னு தோணுது. ஒரு அறிக்கையை மழுப்பாம சொல்றதும் மனசு பண்ற வேலைதான், பிடிக்காத ஆளுக்காக பேர் சொல்லி கேக்கறதும் அப்படித்தான், உடம்புல எதுவும் தெரியாம இருக்கலாம். துக்கத்துல இருக்கறவங்களுக்கு நாலு விதமா எல்லாம் முடியாது, அவங்க சங்கீதம் 88 மாதிரி ஒண்ணை எடுத்து அப்படியே வாய்விட்டு வாசிக்கட்டும். முடியற வரைக்கும் விடிவே வராத சங்கீதம் அது, அதையும் ஆண்டவர் ஜெபமா வேதத்துல வச்சிருக்கார்.

அப்ப மத்த முறைகளை தூக்கிப் போட்டுடணுமான்னா, இல்லை, இடத்தை மாத்தணும். வருஷ ப்ளானை காலை அரை மணில இருந்து வெளிய எடுங்க, எலக்ட்ரிக் ட்ரெய்ன்ல ஆடியோ பைபிளா கேளுங்க, இல்லன்னா ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம்னு வைங்க, மூணேகால் வருஷத்துல முடியும், யாரும் பரிட்சை வைக்கப் போறதில்லை. அந்த அகலமான வாசிப்பு இல்லன்னா அனனியா யாருன்னே தெரியாது, அதனால அதை முழுசா விட்டுடாதீங்க. காலண்டர் வசனத்தை பிள்ளைங்களோட சாயங்கால குடும்ப ஜெபத்துக்கு வைங்க, அதுக்கு முன்னாடி நாலு வசனமும் பின்னாடி நாலு வசனமும் சேர்த்து வாசிச்சா போதும். ஆராதனைக்கு சமையல் நேரமும் குளிக்கற நேரமும் இருக்கு. காலைல மட்டும் எட்டு பத்து வசனத்துல ஒரு பகுதி, முதல் பத்து நிமிஷம் பேனாவோட ரெண்டு மூணு கேள்வி, யார் யாருக்கு சொல்றாங்க, ஏன் இப்ப சொல்றாங்க, முன்னாடி என்ன நடந்துச்சு. மீதி இருபது நிமிஷம் அந்த நாலு. நாலும் வரலன்னா ரெண்டு. முக்கியமா போனை வேற ரூம்ல வைங்க, அச்சு பைபிளை எடுங்க, இது பழைய பஞ்சாங்கம் மாதிரி தோணினாலும் பரவாயில்லை.

எங்க ஆரம்பிக்கறதுன்னா பிலிப்பியர் நல்லா இருக்கும். நாலு அதிகாரம், 104 வசனம், எட்டு எட்டா எடுத்தா ரெண்டு வாரத்துக்குள்ள முடியும், எழுதின பவுல் காவல்ல இருக்கார்ங்கறதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. அதுக்கப்புறம் சங்கீதம் 103, 42, 73. லேவியராகமம் இப்பவே வேண்டாம், அது ட்ரெய்னுக்கு.